கைவிலங்கு: பூட்டுவதற்கு முன், பூட்டும்போது, பூட்டிய பின்

கைவிலங்கைப் பூட்ட சில நொடிகள் போதும். அந்த நொடிகளுக்குத்தான் பயிற்சி மைதானத்தில் பல மணி நேரம் செலவாகிறது. ஆனால் நரம்பு மரத்துப்போவதும், மூச்சு முட்டுவதும், கோர்ட்டில் கேள்வி எழுவதும் பெரும்பாலும் பூட்டிய பிறகு வரும் நேரத்தில்தான். ஆகவே இந்தக் குறிப்பு பூட்டும் முறையைச் சுருக்கமாகவும் பிந்தைய நேரத்தை விரிவாகவும் சொல்கிறது. தமிழ்நாட்டில் கைது, வழிக்காவல், ஆஸ்பத்திரிக் காவல் என்று பணி பார்ப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியது.

முதல் கேள்வி: போடலாமா?

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் கைவிலங்குக்கென்று தனிப் பிரிவு இல்லை. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 43(3) என்ற பிரிவு வந்திருக்கிறது. குற்றத்தின் தன்மையையும் கடுமையையும் பார்த்து, கைது செய்யும்போதோ கோர்ட்டில் ஆஜர்படுத்தும்போதோ சில வகையினருக்கு விலங்கிடலாம் என்கிறது அது. திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவர், காவலிலிருந்து தப்பியவர், திட்டமிட்ட கூட்டுக் குற்றம், பயங்கரவாதச் செயல், போதைப்பொருள், சட்டவிரோத ஆயுதம், கொலை, பாலியல் வன்கொடுமை, ஆசிட் வீச்சு, கள்ள நாணயம் மற்றும் கள்ள நோட்டு, மனிதர்களைக் கடத்தி விற்கும் வணிகம், குழந்தைகள் மீதான பாலியல் குற்றம், அரசுக்கு எதிரான குற்றம் ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளவை. 2023-ல் முதலில் கொண்டுவந்த மசோதாவில் பொருளாதாரக் குற்றமும் இருந்தது. நாடாளுமன்றக் குழுவின் பரிந்துரைக்குப் பிறகு அதை எடுத்துவிட்டார்கள். சீட்டு மோசடியில் பிடிபட்டவரை விலங்கோடு போட்டோ எடுக்க நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பட்டியலில் இருந்தால் கட்டாயம் போட வேண்டும் என்றும் பொருள் இல்லை. 'போடலாம்' என்பதுதான் சட்டத்தின் சொல். தப்புவதைத் தடுக்கத் தேவையானதற்கு மேல் யாரையும் கட்டுப்படுத்தக் கூடாது என்ற 46-ஆம் பிரிவும் கூடவே நிற்கிறது. கொலை வழக்கில் தானாகவே ஸ்டேஷனுக்கு வந்து சரணடைந்த எழுபது வயதுக்காரர் பட்டியலுக்குள் வருவார், தேவைக்குள் வர மாட்டார்.

1980-ல் பிரேம் சங்கர் சுக்லா வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, விலங்கிடுவதே முதல் பார்வையில் மனிதத்தன்மையற்றது, வேறு வழியே இல்லாதபோதுதான் போட வேண்டும், காரணத்தை அப்போதே எழுதிவைத்து நீதிபதியிடம் காட்ட வேண்டும் என்றது. 1995-ல் அசாம் மாநிலத்துக்கு எதிரான சிட்டிசன்ஸ் ஃபார் டெமாக்ரஸி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கியது. வாரண்ட்டில் கைதானவருக்கு மாஜிஸ்திரேட் உத்தரவு இருந்தால்தான் விலங்கு. வாரண்ட் இல்லாத கைதில், தேவை இருப்பதாக அதிகாரி தெளிவாக நம்பினால், ஸ்டேஷனுக்கும் பிறகு மாஜிஸ்திரேட் முன்னும் கொண்டுபோகும் வரை போடலாம். ரிமாண்ட் ஆன பிறகு ஜெயிலிலிருந்து கோர்ட்டுக்கோ, ஒரு ஜெயிலிலிருந்து இன்னொன்றுக்கோ அழைத்துப்போக மாஜிஸ்திரேட்டிடம் முன்கூட்டியே கேட்டு உத்தரவு வாங்க வேண்டும். புதிய சட்டம் வந்துவிட்டது, இதெல்லாம் காலாவதி என்று நினைத்துவிடாதீர்கள். அந்தத் தீர்ப்புகளின் வேர் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவில் இருக்கிறது.

ரோல்காலில் பார்க்க வேண்டியது

சங்கிலி விலங்கு, கீல் விலங்கு என்று இரண்டு வகை பரவலாக உண்டு. சங்கிலி விலங்கில் கை கொஞ்சம் அசையும். நீண்ட பயணத்துக்கு அதுதான் ஏற்றது. கீல் விலங்கில் மணிக்கட்டு திரும்பாது. முரண்டு பிடிப்பவரைக் கட்டுப்படுத்த எளிது, ஆனால் விழுந்தாலோ திமிறினாலோ எலும்பில் விழும் விசை அதிகம்.

வாங்கியதும் பையில் சொருகிவிடாமல் ஒரு நிமிடம் செலவழியுங்கள். பல்லுள்ள வளைவை முழுச் சுற்றும் சுழற்றுங்கள். எங்கும் சிக்காமல் மறுபக்கம் வெளியே வர வேண்டும். ஒவ்வொரு பல்லிலும் நிறுத்தி இழுத்துப் பாருங்கள். பின்வாங்கினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கோ கொக்கியோ தேய்ந்துவிட்டது, அந்த ஜோடியைத் திருப்பிக் கொடுங்கள். டபுள் லாக், அதாவது வளைவு மேற்கொண்டு நகராமல் நிறுத்தும் இரண்டாம் பூட்டு, போட்டு வளைவை இரு பக்கமும் தள்ளிப் பாருங்கள், அசையக் கூடாது. சாவியால் இரண்டு பக்கமும் திறந்து பாருங்கள். கடைசியாக உள் விளிம்பில் விரலை ஓட்டுங்கள். கீழே விழுந்து பிசிறு ஏறிய விளிம்பு, சரியான இறுக்கத்தில் போட்டாலும் தோலைக் கிழிக்கும்.

வியர்வையும் கடற்கரைக் காற்றும் சேர்ந்தால் துரு சீக்கிரம் ஏறும். உலர்த் துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, மிச்சத்தை ஒற்றி எடுத்துவிட வேண்டும். எண்ணெய் வழிய விட்டால் மண் ஒட்டி, பல் கடிக்காமல் நழுவும். ரத்தம் பட்ட விலங்கைக் கையுறை போட்டுக் கிருமிநாசினியால் கழுவி, உலர்த்திய பிறகே அடுத்தவருக்குப் பயன்படுத்த வேண்டும்.

சாவி இரண்டு வேண்டும். ஒன்று உங்களிடம், இன்னொன்று கூட வருபவரிடம். பூட்டியவர் ஷிப்ட் முடிந்து சாவியோடு வீட்டுக்குப் போய்விட்டார், ஆஸ்பத்திரியில் திறக்க ஆள் இல்லை என்ற நிலை எங்கும் வரக் கூடாது.

மாட்டும் முறை

குறைந்தது இரண்டு பேர். ஒருவர் மட்டும் பேச வேண்டும். நாலு பேர் நாலு விதமாகக் கத்தினால் எதிரில் இருப்பவர் எதைச் செய்வது என்று தெரியாமல் நிற்பார், அதுவே முரண்டாகத் தெரியும். 'திரும்பி நில்லுங்க, காலை அகட்டுங்க, கையைப் பின்னால கொண்டு வாங்க' என்று ஒன்று முடிந்த பிறகு அடுத்ததைச் சொல்லுங்கள். கைது என்பதையும் காரணத்தையும் சொல்லிவிடுங்கள்.

விலங்கை எடுக்கும்போதே வளைவைக் கடைசி இரண்டு மூன்று பல் மட்டும் மிஞ்சும்படி தள்ளி வைத்திருந்தால், மணிக்கட்டில் அழுத்தியதும் சுழன்று மாட்டிக்கொள்ளும். அழுத்த வேண்டும், ஓங்கி அடிக்கக் கூடாது. அடித்தால் வளைவு எலும்பு முண்டில் மோதும். விரிசல் விழவும் வாய்ப்புண்டு.

வாட்ச், காப்பு, கண்ணாடி வளையல், கையில் கட்டிய சாமிக் கயிறு எல்லாம் விலங்குக்கு அடியில் சிக்கக் கூடாது. கண்ணாடி வளையல் உடைந்தால் மணிக்கட்டிலேயே குத்தும். முழுக்கைச் சட்டையை மேலே ஏற்றுங்கள். துணிக்கு மேல் போட்ட விலங்கு சரியாக இருப்பதுபோலத் தெரியும், துணி நகர்ந்ததும் ஒன்று தளரும் அல்லது முண்டில் ஏறி உட்காரும்.

பின்கட்டில், புறங்கையும் புறங்கையும் பார்த்தபடி, உள்ளங்கை வெளிப்பக்கம். சாவித் துவாரம் முழங்கையை நோக்கி, அவர் விரலுக்கு எட்டாதபடி, உங்களுக்கு எட்டும்படி. ஒரு கையில் மாட்டியதும் சங்கிலியை விட்டுவிடாதீர்கள். ஒற்றைக் கையில் தொங்கும் விலங்கு, வீசினால் மண்டையைப் பிளக்கும் இரும்பு. தோள் அகலமானவருக்கும் தோள் வலி உள்ளவருக்கும் இரண்டு கையும் பின்னால் சேராது. அது எதிர்ப்பு இல்லை, உடம்பின் அமைப்பு. இரண்டு ஜோடியைக் கோத்து மாட்டுங்கள்.

சோதனை போடுவது மாட்டிய பிறகு. இடுப்பின் பின்பக்கம், பெல்ட்டின் உள்பக்கம், பின் பாக்கெட் என்று கை எட்டும் இடங்களிலிருந்து தொடங்குங்கள். ஹேர்பின், சிறு சாவி, பிளேடு எல்லாம் அங்கேதான் இருக்கும். பெண்ணாக இருந்தால் தொடுவதும் சோதிப்பதும் பெண் காவலர் மட்டுமே.

டபுள் லாக்கும் இறுக்கமும்

பூட்டியவுடன் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. டபுள் லாக் போடாத விலங்கு ஒரு திசையில் மட்டும் நகரும், இறுக்கும் திசையில். வண்டி சீட்டில் சாயும்போது ஒரு பல், திமிறும்போது ஒரு பல், எழுந்து நிற்கும்போது சுவரில் இடித்து இன்னொரு பல். ஸ்டேஷன் போய்ச் சேர்வதற்குள் கை நீலம் பூத்திருக்கும். யாரும் இறுக்கவில்லை, ஆனால் இறுகிவிட்டது.

டபுள் லாக் போடுவது இப்படி: சாவியின் முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு ஊசியால், விலங்கின் ஓரத்தில் இருக்கும் துளையில் அழுத்த வேண்டும், அல்லது சில மாடல்களில் சின்னக் காடியில் தள்ள வேண்டும். பிறகு வளைவை உள்பக்கம் தள்ளிப் பாருங்கள். 'டக்' சத்தம் வந்தால் லாக் விழவில்லை. திறக்கும்போது சாவியை முதலில் ஒரு பக்கம் திருப்பி டபுள் லாக்கை விடுவித்து, பிறகு எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். இது தெரியாமல் பலம் போட்டுச் சாவியை உள்ளேயே உடைப்பது அடிக்கடி நடக்கிற கூத்து.

இறுக்கத்தைப் பார்ப்பது டபுள் லாக்குக்கு முன். மணிக்கட்டின் ஒடுங்கிய இடத்தில், எலும்பு முண்டின் மேல் ஏறாமல் விலங்கு உட்கார்ந்திருக்க வேண்டும். உங்கள் ஆட்காட்டி விரலின் நுனி விலங்குக்கும் தோலுக்கும் இடையே நுழைய வேண்டும். மணிக்கட்டு உருண்டையாக இல்லை, தட்டையாக இருக்கிறது. அதனால் அகலப் பக்கம், ஓரப் பக்கம் இரண்டிலும் விரலை விட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் இடம் இருக்கும், மறுபக்கம் அழுத்திக்கொண்டிருக்கும்.

முதலில் பாதிக்கப்படுவது பெரும்பாலும் கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டைத் தாண்டிப் போகும் ஒரு மேலோட்டமான நரம்பு. அது எலும்புக்கு மேல், தோலுக்கு அடியில் ஓடுகிறது. காப்பு எதுவும் இல்லை. அழுந்தினால் கட்டைவிரலின் பின்புறமும் ஆட்காட்டி விரலை ஒட்டிய புறங்கையும் மரத்துப்போகும், எரியும். பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகும், சிலருக்கு நீடிக்கும். வெளியே காயமே தெரியாது என்பதுதான் சிக்கல். கைதானவர் 'மரத்துப் போச்சு' என்பார், பார்த்தால் தோல் சுத்தமாக இருக்கும், 'நடிக்கிறான்' என்று விட்டுவிடுவார்கள்.

'இறுக்குது சார்' என்று சொன்னால் ஒவ்வொரு முறையும் பாருங்கள். விரலை விட்டுப் பாருங்கள். நகத்தை அழுத்தி விடுங்கள். இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். விரல் ஜில்லிட்டிருக்கிறதா, நீலமா, வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். தளர்த்த வேண்டியிருந்தால் பக்கத்தில் ஒருவர் பிடித்திருக்க, ஒரு நேரத்தில் ஒரு கையை மட்டும் திறந்து, இரண்டு பல் தளர்த்தி, மறுபடி டபுள் லாக். யாரும் புகார் சொல்லாவிட்டாலும் வண்டியில் ஏற்றியதும் ஒரு முறை, பிறகு கால் மணிக்கு ஒரு முறை பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். குடித்திருப்பவருக்கு வலி தெரியாது. அவரை இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

குப்புறப் படுக்கவைத்தால்

கைவிலங்கு தொடர்பான சாவுகளில் மிக எளிதில் தடுக்கக்கூடியது இதுதான். குப்புறக் கிடப்பவரின் கை பின்னால் கட்டியிருக்கிறது. தரையை ஊன்றி மார்பைத் தூக்க முடியாது. வயிறு அழுந்தி மேலே தள்ளுவதால் உதரவிதானம் கீழிறங்க இடமில்லை. முதுகில் ஒருவர் முட்டியை வைத்தால் விலா விரியாது. ஓடி, மல்லுக்கட்டி, ஏற்கெனவே மூச்சு வாங்கும் உடம்புக்கு அதிகக் காற்று வேண்டிய நேரத்தில் காற்று குறைகிறது. மூச்சுக்காகத் திமிறுவார். மேலே இருப்பவருக்கு அது எதிர்ப்பாகத் தெரியும், இன்னும் அழுத்துவார். திடீரென்று அடங்கிவிடுவார். 'ஒருவழியாய் அடங்கிட்டான்' என்று நினைக்கும் அந்த நொடிதான் ஆபத்தானது.

பருமனானவர், மது அல்லது போதையில் இருப்பவர், ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர், நீண்ட நேரம் மல்லுக்கட்டியவர் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். 'பேசுறானே, அப்ப மூச்சு விடுறான்ல' என்ற வாதம் தவறு. ஒரு வார்த்தை பேசக் கொஞ்சம் காற்று போதும். உயிரோடு இருக்க அது போதாது. அமெரிக்க நீதித்துறை 1995-லேயே விலங்கிட்டவுடன் குப்புறக் கிடப்பவரைப் புரட்டிவிடுங்கள் என்று காவல் துறைகளுக்குக் குறிப்பு அனுப்பியது. அப்படியிருந்தும் 2020 மே 25-ல் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டை விலங்கிட்ட பிறகும் ஒன்பது நிமிடத்துக்கு மேல் குப்புற அழுத்திக் கொன்றார்கள்.

செய்ய வேண்டியது: தரையில் வைத்துத்தான் பூட்ட வேண்டியிருந்தால், எடையைத் தோள்பட்டை எலும்பின் பக்கம் மட்டும், பூட்டி முடியும் வரை மட்டும் வையுங்கள். கழுத்து, முதுகெலும்பு, நடு முதுகு கூடாது. பூட்டியதும் உடனே ஒருக்களித்துப் புரட்டி, பிறகு உட்காரவைத்து, பிறகு எழுப்புங்கள். சங்கிலியைப் பிடித்துத் தூக்கினால் தோள் மூட்டு நழுவும். அக்குளுக்கு அடியில் இரு பக்கமும் பிடித்துத் தூக்குங்கள். உட்கார்ந்திருப்பவரின் தலையை முட்டியை நோக்கி அமுக்கினாலும் இதே மூச்சடைப்பு வரும். கையையும் காலையும் சேர்த்துப் பின்னால் கட்டுவது எந்தச் சூழ்நிலையிலும் வேண்டாம். ஒருவர் முகத்தையும் மூச்சையும் மட்டுமே கவனிக்க வேண்டும். அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள்.

பேச்சுமூச்சு நின்றால் விலங்கைக் கழற்றி, மல்லாத்தி, மார்பு அழுத்தத்தைத் தொடங்கி, 108-ஐ அழையுங்கள். பின்கட்டோடு மார்பை அழுத்த முடியாது. இரண்டாவது சாவியின் அருமை அப்போதுதான் தெரியும்.

அடையாள அணிவகுப்புக்காக முகத்தைத் துண்டால் மூடிக் கொண்டுபோகும் வழக்கம் நம்மிடம் உண்டு. மூக்கின் மேலும் வாயின் மேலும் துணி தளர்வாக இருக்கட்டும். பின்கட்டில் இருப்பவரால் அதைத் தானாக விலக்கிக்கொள்ள முடியாது.

வண்டி, பஸ், ரயில், மாடிப்படி

கை கட்டியவரால் விழும்போது ஊன்றிக்கொள்ள முடியாது. முகம்தான் முதலில் தரையில் படும். ஆகவே நடக்கும்போது முழங்கைக்கு மேலே பிடித்துக்கொள்ளுங்கள், படியில் ஒரு படி கீழே ஒருவர் நிற்கட்டும், ஈரமான கழிப்பறைக்குள் தனியே விடாதீர்கள். 'வழுக்கி விழுந்து கை உடைந்தது' என்ற வாக்கியத்தை இனி எந்த மாஜிஸ்திரேட்டும் நம்பத் தயாராக இல்லை. உண்மையிலேயே வழுக்கி விழுந்தாலும் அதே கதிதான்.

காரில் நடு சீட் அல்லது டிரைவருக்குப் பின்னால் இல்லாத பக்கம், சீட் பெல்ட்டோடு. மோட்டார் சைக்கிளில் இரண்டு பேருக்கு நடுவில் பின்கட்டோடு உட்காரவைத்துக் கொண்டுபோவது யாருக்கும் நல்லதல்ல. ஒரு பிரேக்கில் மூவரும் விழுவீர்கள், ஊன்ற முடியாதவர் அவர் ஒருவர்தான். நீண்ட பயணத்தில் முன்கட்டு மேல். பின்கட்டில் மூன்று மணி நேரம் என்றால் தோளும் மணிக்கட்டும் தாங்காது.

பஸ் ஜன்னல் கம்பியிலோ ரயில் சீட் காலிலோ பூட்டாதீர்கள். தீப்பிடித்தால், கவிழ்ந்தால், அவரைக் காப்பாற்ற வழியில்லை. காவலரின் கையோடு சேர்த்துப் பூட்டுவதும் வேண்டாம். ஓடும் ரயிலிலிருந்து ஒருவர் குதித்தால் இரண்டு பேரும் போவார்கள். ஸ்டேஷன் லாக்கப்புக்குள் விட்டதும் கழற்றிவிடுங்கள்; கம்பிக்கதவு இருக்கும்போது விலங்குக்கு வேலை இல்லை. விலங்கோடு தெருவில் ஊர்வலமாக நடத்திச் சென்றதற்கு 1991-லேயே உச்ச நீதிமன்றம் 10,000 ரூபாய் இழப்பீட்டை உறுதிசெய்திருக்கிறது.

ஆஸ்பத்திரி

மேலே சொன்ன 1995 வழக்கே ஆஸ்பத்திரியில் பிறந்ததுதான். குவஹாத்தி ஆஸ்பத்திரியில் தடா என்ற அன்றைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் கைதானவர்களை விலங்கிட்டு, கயிறும் கட்டி, கட்டிலோடு பிணைத்திருப்பதைப் பார்த்து பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் எழுதிய கடிதத்தை உச்ச நீதிமன்றம் மனுவாக எடுத்துக்கொண்டது. பூட்டிய அறை, வாசலில் பாரா, இதற்கு மேல் கட்டிலில் பிணைப்பது தேவையில்லை.

டாக்டர் கழற்றச் சொன்னால் கழற்றுங்கள். டிரிப் ஏறும் கையில் போடாதீர்கள். டயாலிசிஸ் நோயாளியின் முன்கையில் ரத்தக் குழாயை இணைத்துச் செய்த இடம் இருக்கும். தொட்டால் அதிர்வு தெரியும். அந்தக் கையில் எந்த அழுத்தமும் கூடாது, அடைத்துக்கொண்டால் அவருடைய டயாலிசிஸே நின்றுபோகும். பிரசவ வலியிலும், பிரசவத்தின்போதும், முடிந்த கையோடும் விலங்கே கூடாது என்கின்றன ஐ.நா.வின் 2015 மண்டேலா விதிகள்.

போடவே கூடாதவர்கள், பின்கட்டுக் கூடாதவர்கள்

18 வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு விலங்கு, சங்கிலி எதுவும் கூடாது என்று சிறார் நீதி மாதிரி விதிகள் சொல்கின்றன. வயது சந்தேகமாக இருந்தால் சிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. கர்ப்பிணிக்குப் பின்கட்டு வேண்டாம். விழுந்தால் வயிற்றில்தான் விழுவார். காது கேளாதவருக்குக் கைதான் வாய். பின்கட்டுப் போட்டால் 'வலிக்கிறது' என்றுகூட அவரால் சொல்ல முடியாது. இந்த இருவருக்கும் உண்மையிலேயே கட்டாயம் என்றால் முன்கட்டு, அதுவும் எவ்வளவு குறைவான நேரம் முடியுமோ அவ்வளவு.

பிளாஸ்டிக் விலங்கு

மறியலில் நூறு பேரைப் பிடிக்கும்போது இது கை கொடுக்கும் என்று வாங்கி வைக்கிறார்கள். முதலில், மறியலுக்கு விலங்கே தேவையா என்று கேளுங்கள். 43(3) பட்டியலில் அது இல்லை. பிளாஸ்டிக்குக்கு டபுள் லாக் கிடையாது, தளர்த்த முடியாது, வெட்டத்தான் வேண்டும். கட்டர் இல்லாமல் ஒன்றைக்கூட மாட்டாதீர்கள். கத்தியால் அறுக்கப் போய் மணிக்கட்டை அறுத்துவிடக் கூடாது. மொட்டை நுனியுள்ள கட்டரை விரல் நுழைந்த இடைவெளியில் விட்டு, தோலுக்கு எதிர்ப்பக்கமாக வெட்டுங்கள். ஹார்ட்வேர் கடை கேபிள் டை இதற்கு மாற்று இல்லை. விளிம்பு கூர்மை, அகலம் குறைவு, பிளேடுபோல இறங்கும்.

எழுதுவது

'தப்பிவிடுவார் என்று கருதி விலங்கிடப்பட்டது' என்ற ஒரே வாக்கியத்தை எல்லா வழக்கிலும் எழுதினால் எழுதாததற்குச் சமம். பொது நாட்குறிப்பில் இந்த ஆளைப் பற்றி, இந்த நாளைப் பற்றி எழுத வேண்டும்: முன்பு எந்தக் காவலிலிருந்து தப்பினார், கைதின்போது என்ன செய்தார், கூட எத்தனை காவலர் இருந்தார்கள், ஏன் அவர்கள் போதவில்லை. பிறகு நேரங்கள்: மாலை 4.10 பூட்டியது, முன்கட்டா பின்கட்டா, டபுள் லாக் போட்டது, 4.25, 4.40 சரிபார்த்தது, வலது கை மரத்ததாகச் சொன்னது, 4.41 தளர்த்தியது, 5.05 லாக்கப்பில் கழற்றியது, பூட்டியவர் பெயர், சாவி வைத்திருந்தவர் பெயர்.

கழற்றியதும் இரண்டு மணிக்கட்டையும் திருப்பிப் பாருங்கள். தழும்பு, தோல் உரிசல், வீக்கம், மரப்பு எது இருந்தாலும் அப்போதே குறியுங்கள், போட்டோ எடுங்கள். புதிய சட்டத்தின் 53-ஆம் பிரிவின்படி டாக்டர் பரிசோதிக்கும்போது அதை நீங்களே சுட்டிக்காட்டி, அவருடைய குறிப்பிலும் ஏறுகிறதா என்று பாருங்கள். மாஜிஸ்திரேட் 'ஏதாவது குறை இருக்கிறதா' என்று கேட்கும்போது கைதானவர் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினால், அந்தத் தடம் எத்தனை மணிக்கு, ஏன் வந்தது என்பது அதற்கு முன்பே உங்கள் நாட்குறிப்பில் இருக்க வேண்டும்.